தோளைக் கொடுங்கள், கையை இழுக்காதீர்கள்

எனக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் விறைப்பு. குதிகால் தரையில் படாது, முன்பாதத்தால்தான் நடப்பேன். திருவையாற்றுக்குப் பக்கத்தில், வயலும் வாய்க்காலுமான ஊர். ஐப்பசி மழையில் வரப்பு ஊறிவிட்டால் களிமண் காலை விடாது. மார்கழிக் குளிரில் விறைப்பு இன்னும் கூடும்.

நான் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவருவார்கள். வந்ததும் முழங்கைக்கு மேலே பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். விறைத்த தசை திடீரென்று இழுபட்டால் மேலும் இறுகும். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும். பிறகு விழாமல் இருப்பதுதான் அதிசயம்.

பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்பாகப் பிடிக்கிறவரிடம் "விடுங்க" என்றால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். பெண்பிள்ளை, அதிலும் என்னைப் போன்றவள், செய்வதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்திருந்தது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு தினமும் டவுன் பஸ்ஸில் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. ஒருநாள் பஸ் படியில், நடவுக்குப் போகிற அக்கா ஒருவர் என்னைத் தூக்கிவிட வந்தவர், என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். "நான் புடிச்சா வலிக்குதா பாப்பா? எப்புடிப் புடிக்கணும்னு சொல்லு."

"நீங்க புடிக்க வேணாங்க்கா. தோளக் குடுங்க."

அவர் ஒரு படி மேலே ஏறித் தோளைத் தாழ்த்தினார். இடது கை அவர் தோளில், வலது கை கம்பியில், வலது கால் முதலில். ஏறிவிட்டேன். அடையாள அட்டையில் என் ஊனம் எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. எந்தக் காலை முதலில் வைப்பேன் என்று இல்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும். இப்போது கண்டக்டர், பக்கத்து சீட் பாட்டி என்று எல்லாரிடமும் சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் இன்னும் கூச்சம்: "நாலு பேரு முன்னாடி இப்படியா அதட்டுவ?"

2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் கட்டணம் போன பிறகும் படி அதே உயரத்தில்தான் நிற்கிறது. பேருந்து நாங்களும் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனாலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் உயர்நீதிமன்றம்வரை போய்க் கேட்ட பிறகுதான் 2024-இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எனக்குத் தேவையானதை நானே கேட்கலாம் என்ற துணிச்சல் பஸ் படியில் வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்: எங்கள் தடத்தில் ஒரு தாழ்தளப் பேருந்தாவது விட வேண்டும். தரையிலிருந்து முதல் படி எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து அதையும் எழுதியிருக்கிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அம்மா.