தொட்டுப் பார்க்கட்டும்

'தொடாதே, உடைச்சிருவ' என்ற பேச்சைக் கேட்டே நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோரிப்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் மொட்டை மாடியில் கூட்டிவைத்து அறிவியல் பேசுகிறேன். அங்கே எதையும் தொடலாம்.

மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்படி ஒரு ஏப்ரலில், காயப்போட்ட வடகத்தை ஓரமாக நகர்த்திவிட்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். பன்னிரண்டே கால் மணி வாக்கில் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது.

"எங்க டீச்சர் போச்சு?" என்றாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை.

பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "நீயே தேடிப் பாரும்மா" என்றேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தவள் சட்டென்று டம்ளரைத் தூக்கினாள். நேர் கீழே வட்டமாகக் கிடந்தது நிழல். "இந்தா இருக்கு!" என்று கத்தினாள். அடுத்தடுத்த நாட்களில் சாக்பீஸால் கோடு போட்டு, அதுவரை வடக்கே விழுந்த உச்சிவேளை நிழல் தெற்கே திரும்பியதையும் அவளே கண்டுபிடித்தாள். நான் விளக்கியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். மறுவாரமே மறந்தும் போயிருக்கும்.

பக்கத்துத் திருமங்கலத்துக் கதையையும் இவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி, ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு நாடெங்கும் 75 பள்ளிகளின் 750 மாணவிகளைச் சேர்த்து, சுமார் 8 கிலோ எடையில் 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளை உருவாக்கியது. திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உழைத்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்துகொண்டு இஸ்ரோவின் ராக்கெட் கிளம்பியது. அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணரிகள் தடுமாறின. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றவேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் போய் வீணானது. இஸ்ரோ காரணத்தைத் தேடித் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது.

விண்வெளி விஞ்ஞானிகளுக்கே இரண்டாவது வாய்ப்பு தேவைப்படுகிறது. கண்ணாடிக் குவளையை உடைத்த பிள்ளைக்கும் அதைக் கொடுப்போம். உங்கள் தெருவிலும் கேள்வி கேட்கும் ஒரு பெண் பிள்ளை இருப்பாள். அவள் தானே தேடி முடிக்கும்வரை பொறுமையாகப் பக்கத்தில் உட்காருங்கள். பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான்.