ஈரலைச் சுற்றிப் போகும் ரத்தம்

கோலாலம்பூரில் பெருமழை கொட்டும்போது கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை 9.7 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று வாங்கிக்கொள்கிறது. நகரின் நடுப்பகுதிக்குள் விடாமல் தாமான் டேசா குளத்துக்குக் கொண்டுபோய், கெராயோங் ஆறு வழியாக மறுபடி கிள்ளான் ஆற்றிலேயே சேர்த்துவிடுகிறது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம். என்னைப்போல் மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு அது கோயில் மாதிரி. போன வருடம் கிள்ளானில் என் மாமாவின் ஈரலுக்கு டாக்டர் சொன்ன வைத்தியமும் ஏறக்குறைய இதுதான்.

மாமா ஒரு சொட்டு குடித்ததில்லை. (இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஆட்களிடம் லிவர் என்றாலே, “எத்தன வருசமா ஊத்துறாரு?” என்றுதான் கேட்பார்கள்.) இருபது வருடச் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு, பிறகு சிரோசிஸ். உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்து இரண்டு முறை ரத்த வாந்தி. வளையம் போட்டுக் கட்டிய பிறகும் மூன்றாவது முறை.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை அதை முதலில் ஈரலுக்குக் கொண்டுபோகிறது. ஈரலுக்கு நிமிடத்துக்கு வரும் சுமார் ஒன்றரை லிட்டரில் முக்கால்வாசி இந்த வழி. மிச்சம் தமனி வழி. இரண்டும் கலப்பது சைனுசாய்டு என்னும் நுண்குழாய்களில். சிவப்பணு உரசிக்கொண்டு போகிற அகலம்தான். சுவரெல்லாம் சல்லடைத் துளை. சிரோசிஸில் துளைகள் மூடிக்கொள்ளும், சுற்றிலும் தழும்பு இறுகும். பின்னால் அழுத்தம் ஏறி, ரத்தம் உணவுக்குழாய்ப் பக்கம் வழி தேடும்.

டிப்ஸ் என்பது, கழுத்துச் சிரை வழியாக இறங்கி, ஈரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையையும் வெளியேறும் சிரையையும் உலோக வலைக்குழாயால் இணைப்பது. 1988இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள். அழுத்தம் குறையும், ரத்தப்போக்கு நிற்கும்.

நுண்குழாய்களுக்கு என்ன ஆகும்? பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு கொமுட்டரில் போகும்போதெல்லாம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். தமனியின் நுனிக்கிளையைச் சுற்றி அடினோசின் ஓயாமல் ஊறுகிறது. போர்ட்டல் ரத்தம் அதை அலசிக்கொண்டே போகும். அந்த ஓட்டம் குறைந்தால் அடினோசின் தேங்கும், தமனி விரியும், ரத்தம் கூடும். நரம்பின் கட்டளைகூடத் தேவையில்லை. இதைவிட அழகான கன்ட்ரோல் சிஸ்டம் எந்தத் தொழிற்சாலையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஈடுகட்டுவது இழப்பில் ஒரு பகுதியைத்தான். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். கணையத்திலிருந்து புதிதாக வரும் இன்சுலின் இருக்காது.

1877இல் எக் என்ற ரஷ்ய மருத்துவர் நாய்களுக்கு இந்தச் சுற்றுவழியைப் போட்டுப் பார்த்தார். 1893இல் பாவ்லோவ் குழு அதையே செய்து இறைச்சி கொடுத்தபோது நாய்கள் தள்ளாடின, மயங்கின. பிற்காலத்தில் ஸ்டார்ஸல் போன்றவர்கள் கணைய ரத்தத்தை ஈரலின் ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்பினார்கள். அந்தப் பக்கம் செழித்தது, மறுபக்கம் சுருங்கியது. வெள்ளநீரைச் சுற்றிவிட்டால் ஊருக்கு நஷ்டமில்லை. போர்ட்டல் ரத்தம் ஈரலின் பெயருக்கு வந்த கடிதம். அதைத் திருப்பிவிட்டால் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

மாமாவுக்கு ரத்தப்போக்கு நின்றது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குடலின் அம்மோனியா இப்போது ஈரலில் வடிகட்டாமல் மூளைக்கே போகிறது. தெங்கு கிளானா சாலையில் நாற்பது வருடம் மளிகைக் கணக்கை மனதிலேயே போட்டவர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கடைச் சாவி கேட்கிறார். “ஏங்க, கடைய வித்து ரெண்டு வருசமாச்சு,” என்று அத்தை சொன்னால், “அப்ப கடன் பாக்கி?” என்கிறார்.

குழாயைக் குறுக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். குறுக்கினால் தெளிவு திரும்பலாம், அழுத்தமும் திரும்பலாம்.

“நீ இஞ்சினியர்தானே, சொல்லுப்பா. ரத்தமா, நெனப்பா?” என்று கேட்டார் அத்தை.

இப்போதைக்கு லாக்டுலோஸ் மருந்தைக் கூட்டிப் பார்க்கிறோம். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் மாமா தன் பெயரை எழுத வேண்டும். அத்தை அதற்குப் பழைய 555 நோட்டையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாதிப் பக்கங்களில் யார் யார் அரிசிக்கு எவ்வளவு பாக்கி என்று மாமாவின் எழுத்து. அதற்குப் பிறகு அவர் பெயர், நாளுக்கு ஒன்று. புதன்கிழமை நேராக இருக்கிறது. வியாழக்கிழமை கடைசி எழுத்து கோட்டைவிட்டு இறங்கியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோகிறோம்.