ட்ரெய்லருக்குள் ஏசி: உம்மாவைக் கதுருவெலைக்குக் கூட்டிப்போன கதை



பள்ளிவாசல் வாசலிலும் கல்யாண வீட்டிலும் இப்போது யாரும் எங்களிடம் பிள்ளைகளின் பெறுபேறு பற்றிக் கேட்பதில்லை. "அந்தப் பெட்டிக்கு ஏசி போட்டீங்களாமே, உண்மையா?" என்றுதான் கேட்கிறார்கள். உண்மைதான். ஆளாளுக்கு நின்று விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டோம். இனி எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

முதலில் காரணம். அக்குறணையில் இருந்துகொண்டு ஏசி எதற்கு என்பது நியாயமான கேள்வி. கண்டிப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் சுபஹுக்கு எழும்புவதற்கே போர்வையோடு சண்டை போட வேண்டும். ஏசி எங்களுக்கு அல்ல, உம்மாவுக்கு. வாப்பா முன்பு பொலன்னறுவைப் பக்கம் படிப்பித்த காலத்தில் உம்மா கதுருவெலையில் பதினொரு வருஷம் இருந்தவர். அங்கே அவருடைய பழைய சிநேகிதிகளில் இரண்டு பேர்தான் இப்போது மிச்சம். அவர்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எங்கள் இருவருக்கும் லீவு கிடைப்பதோ சித்திரையில். அந்த மாதத்தில் அந்தப் பக்கத்து வெக்கை எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். 2024இன் ஆரம்பத்தில் பிள்ளைகளை வெயிலில் விளையாட விட வேண்டாம் என்று கல்வி அமைச்சே பாடசாலைகளுக்கு அறிவிக்க வேண்டி வந்தது. உம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. முந்தின முறை போனபோது இரண்டாவது இரவே மூச்சு முட்டி, விடிய முன் வேனைத் திருப்பினோம்.

ட்ரெய்லர் ஏற்கெனவே இருந்தது. பொக்ஸ் பாரில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் ஒரு அங்குல ரெஜிபோம். நீளம் 8 அடி, அகலம் 5, உயரம் 5. உம்மாவும் இரண்டு மகள்மாரும் உள்ளே படுப்பார்கள். நாங்கள் வெளியே டென்ட்டில். இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளை அமெரிக்காவில் 1930களிலேயே வீட்டில் செய்து காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆகவே, எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிந்திச் சிரிக்கிறார்கள்.

செய்தி கேள்விப்பட்டதும் கட்டாரில் இருக்கும் மச்சான், "என்னிடம் ஒரு வின்டோ ஏசி சும்மா கிடக்கு, கார்கோவில் போடுறேன்" என்றார். 18,000 பி.டி.யு. ஒன்றரை டன். பாரம் ஐம்பது கிலோ அளவில். இலவசம் என்றதும் வீடே சந்தோஷப்பட்டது. நாங்கள் மட்டும் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். வீட்டில் ஒருவர் கணக்கு, மற்றவர் விஞ்ஞானம். வேறு என்ன செய்வது?

தூங்குகிற ஓர் ஆள் 70, 80 வொட் பல்ப் அளவுக்குச் சூட்டை விடுகிறார். மூன்று பேருக்கு 200 வொட்டுக்கு மேல். வெளியே உள்ளேயை விட ஆறு பாகை சூடாக இருந்தால், அந்த ரெஜிபோம் சுவர்கள் வழியாக இன்னும் 150 வொட் அளவில் உள்ளே வரும். கதவிடுக்கு, வெளிக்காற்று, ஈரம் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் இரவில் 600, 700 வொட்டைத் தாண்டாது. 5,000 பி.டி.யு ஏசி ஒன்று 1,465 வொட் சூட்டை அள்ளி வெளியே போடும். அதுவே எங்கள் பெட்டிக்குக் கூட. மச்சானுடைய மெஷின் அதைப் போல மூன்றரை மடங்கு.

"பெரிசு நல்லதுதானே, டக்கென்று கூலாகும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதுதான் பிரச்சினையே. டக்கென்று குளிர்ந்து டக்கென்று நின்றுவிட்டால் காற்றில் இருக்கும் ஈரம் அப்படியே நிற்கும். குளிரும் பிசுபிசுப்புமாக, மழைக்கால ஈரத் துணிக்குள் படுத்த மாதிரி இருக்கும். வீசிங்காரருக்கு அது வெக்கையை விட மோசம். 1902இல் வில்லிஸ் கரியர் என்ற இளம் இன்ஜினியர் நியூயோர்க் புரூக்ளினில் இந்த வேலையை ஆரம்பித்ததே ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி நிறங்கள் விலகிப்போனதால்தான். ஆட்களுக்குக் குளிர் கொடுப்பது பிறகு வந்த கதை. மச்சானிடம் பக்குவமாகச் சொன்னோம். கொஞ்சம் கோபம்தான். பெருநாளைக்குள் சரியாகிவிட்டார்.

சின்ன ஏசியைக் கொழும்பில் பழைய சாமான் கடைகளில் தேடினோம். இங்கே எல்லோரும் ஸ்பிலிட்தான் போடுகிறார்கள் என்பதால் சின்ன வின்டோ ஏசி லேசில் கிடைக்காது. முதலில் அகப்பட்டது பளபளவென்று இருந்தது. பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தால் 60 ஹேர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கட்டாரிலும் குவைத்திலும் 50தான். சவூதியில் 60. அங்கிருந்து வரும் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், கூடுதலாகச் சூடாகும். கடைக்காரர் "ஒண்டும் நடக்காது சேர்" என்றார். நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம். மூன்றாவது கடையில் 50 ஹேர்ட்ஸ் பெட்டி கிடைத்தது. 450 வொட் எடுக்கும், இருபது கிலோ.

இனிப் பொருத்துகிற வேலை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பாஸ், ஏசி முழுவதையும் ட்ரெய்லருக்குள் ஓர் அலுமாரியில் வைத்துப் பின்னால் நாலு ஓட்டை போட்டால் வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்றார். அப்படிச் செய்த ஒரு ட்ரெய்லரை எங்களுக்கு முதலே தெரியும். அரை மணித்தியாலத்தில் அலுமாரி அடுப்பாகிவிடும். ஏசி தன் சூட்டையே திரும்பக் குடித்து, கொம்பிரசர் தாங்காமல் நின்றுவிடும். ஏசி குளிரைச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. எங்களுடைய சின்ன மெஷின்கூட, உள்ளே அள்ளிய 1,465 வொட்டோடு தான் எடுக்கும் கரண்டையும் சேர்த்து 1,900 வொட்டுக்கு மேல் பின்பக்கத்தால் விடுகிறது. ஒரு கரண்ட் கேத்தலை இரவு முழுக்கக் கொதிக்க விட்ட மாதிரி. அந்தக் கேத்தலை அலுமாரிக்குள் வைப்பீர்களா? எனவே முன்சுவரை வெட்டி, ஏசியின் பக்கத்து ஜன்னல் கீறல்களும் சேர்ந்து வெளியே இருக்கும்படி தள்ளி வைத்தோம். மேலே மழைக்கு ஒரு தகரக் கூரை. ஓடும்போது சேறு அடிக்காமல் கென்வஸ் மூடி, நிறுத்தியதும் கழற்றிவிடுவோம். அடியில் பழைய டயர் ரப்பர்.

பின்சுவரில் வைக்காததற்கும் காரணம் உண்டு. பாரம் பின்னுக்குக் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டும். அலவத்துகொடை தாண்டிப் பலகடுவ வளைவுகளில் ஏறி, மாத்தளைப் பக்கம் இறங்கும்போது வாலாட்டுகிற ட்ரெய்லரை இழுக்க எங்களுக்கு விருப்பமில்லை.

தண்ணீர் வெளியே வடிய ஏசியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். நிறுத்துகிற நிலம் சரிந்திருந்தால் அந்தத் தண்ணீர் உம்மாவின் தலையணைக்குத்தான் வரும். அதனால் ஜெக் வைத்து மட்டம் பார்ப்பது முதல் வேலை. உள்ளே "சளக் சளக்" என்று சத்தம் கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரை அதன் பேனே அடித்துச் சூட்டுக் குழாயை நனைத்துக்கொள்கிறது. வடிகிற தண்ணீரை உம்மா வாளியில் பிடித்து, இதில் வுழூ செய்யலாமா என்று கேட்டார். மௌலவியிடம் கேட்டோம். காற்றிலிருந்த தண்ணீர்தானே, சுத்தமாக இருந்தால் செய்யலாம் என்றார். உம்மாவுக்கு அன்றுதான் ஏசி மேல் ஒரு மரியாதை வந்தது.

எங்களுக்குத் தூக்கம் போன இடம் வேறு. மூன்று உயிர்கள் 200 கன அடிப் பெட்டிக்குள். ஏசி உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. இடுக்கெல்லாம் சிலிக்கன் அடித்து மூடினால் ஒரு மணித்தியாலத்திலேயே உள்காற்று கெட்டுப்போகத் தொடங்கும், குளிராக இருப்பதால் யாருக்கும் தெரியாது. கதவுக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு துவாரம், எதிர்ப்பக்கம் மேலே இன்னொன்று, இரண்டுக்கும் நுளம்பு வலை. "குளிர் வெளியே போகுதே" என்று மூத்த மகள் துணி அடைத்தாள். எடுத்துவிட்டு, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் "அடைக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினோம்.

இரண்டாவது, ஜெனரேட்டர். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த பிறகு நம் ஊரில் பல வீடுகளில் ஒன்று இருக்கிறது. தருகிறோம் என்று நாலு பேர் சொன்னார்கள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் பெட்ரோல் எரிந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். கீழே காற்றுத் துவாரம் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் அதை ஓட விடுவதா? ஓட்டத்தான் வேண்டும் என்பவர்கள் குறைந்தது 20 அடி தள்ளி, புகை மறுபக்கம் போகும்படி வையுங்கள். நாங்கள் எடுக்கவே இல்லை.

பெட்டரியும் சரிவராது. 100 அம்பியர் மணித்தியாலப் பெட்டரியில் உருப்படியாக எடுக்கக்கூடியது பாதி, 600 வொட் மணித்தியாலம். 450 வொட் மெஷினுக்கு அது ஒரு மணித்தியாலம் சொச்சம். கொம்பிரசர் நின்று நின்று ஓடினாலும் ஓர் இரவுக்கு மூன்று நான்கு பெட்டரி வேண்டும். தவிர, ஓடத் தொடங்கும் கணத்தில் அது நாலைந்து மடங்கு கரண்டை இழுக்கும், சின்ன இன்வேர்ட்டர் அலறும். ஆக, வீட்டுக் கரண்ட் உள்ள முற்றத்தில் நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். காட்டுக்குள் போய் ஏசி போட்டுத் தூங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த முறை உதவாது.

வீட்டுக் கரண்ட் என்றதும் மூன்றாவது பயம். எங்களுடையது அலுமினியப் பெட்டி, நிற்பது ரப்பர் டயரில். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டால் பெட்டி முழுவதும் கரண்ட். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று கதவைத் திறக்கிறவர்தான் ஏர்த் ஆவார். நாம் போகிற பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. அதனால் ட்ரெய்லருக்கென்று தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் போட்டோம். தகட்டையும் சட்டத்தையும் ஏர்த் வயரோடு இணைத்தோம். போன இடத்தில் பிளக்கைச் செருக முன் டெஸ்டரோடு எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். வயர் ரோலை முழுவதுமாக விரித்துவிடுங்கள், சுருட்டியபடி ஓட விட்டால் ரோல் சூடாகி உருகும்.

சித்திரை லீவில் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை. ஹபரணையில் வேன் ஜன்னலைத் திறந்தால் அடுப்புக் காற்று. கதுருவெலையில் சிநேகிதி வீட்டு மாமரத்துக்குக் கீழே நிறுத்தினோம். பாதி வேலையை அந்த மாமரமே செய்தது, வெயில் கூரையில் படவேயில்லை. அங்கே பிளக்கைச் சோதித்தால் ஏர்த் இல்லை. ஊர் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்து முடிக்க இஷாவாகிவிட்டது. அதுவரை உம்மா முற்றத்துக் கதிரையில் விசிறியோடு இருந்தார். "மகன், இவ்வளவு பேரைக் கஷ்டப்படுத்தி எனக்கு எதுக்கு இது?" என்று நாலு தரம் கேட்டார்.

இரவு பதினொரு மணிக்கு வெளியே 29 பாகை, உள்ளே 25. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று டென்ட்டிலிருந்து மாறி மாறி எழும்பிப் போய்ப் பார்த்தோம். இரண்டு மணிக்கு உம்மாவே கதவைத் தட்டினார். ஓடிப் போனோம். குளிருதாம், போர்வை வேண்டுமாம்.

நான்கு இரவுகள் தங்கினோம். இன்ஹேலரை ஒரு தரம்தான் எடுத்தார், அதுவும் சிநேகிதிமாரோடு சிரித்து இருமல் வந்ததால்.

அளவுகளும் வயரிங் படமும் வேண்டியவர்கள் பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், 7ஆம் கட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பகல் ளுஹருக்குப் பிறகு மட்டும் வேண்டாம். அந்த நேரம் உம்மா அதற்குள் தூங்குகிறார்.