மாசியில் ஒரு மாந்தோப்பு

2024-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை, மதுரையிலிருந்து ராஜபாளையம் நோக்கிப் புறப்பட்டோம். கிருஷ்ணன்கோவிலைக் கடந்ததும் வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை உடன்வரத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கியவர்கள் அரைமணி நேரம் கழித்தே ஏறினார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

இவ்விரு ஊர்களுக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் உறவினர் ஒருவரின் மாந்தோப்பு உள்ளது. ராஜபாளையத்துக்குப் பேர்வாங்கித் தந்த சப்பட்டை மாமரங்களே மிகுதி. மாசியில் அங்குச் சென்றால் பூமணம் முதலில் வரவேற்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். சென்றபோதோ, பாதி மரங்களில் பூ இல்லை. செந்தளிர் மட்டுமே அடர்ந்திருந்தது.

குளிர்நாடுகளில் மரங்களை வாட்டுவது உறைபனி. நம் பக்கத்திலோ அந்தக் கடுமை மழையாக வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிய பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்நாட்களில் இத்தோப்பிலும் நீர் தேங்கி நின்றதாம். மார்கழியில் குளிரும் வறட்சியும் சேர்ந்தால்தான் மாமரம் பூக்க ஆயத்தமாகும். வேரில் ஈரம் மிகுந்தால் இலைவிடத் தொடங்கிவிடும். பூத்த மரங்களுக்கும் நிம்மதியில்லை. மேகமூட்டத்தில் தத்துப்பூச்சி பெருகிச் சாற்றை உறிஞ்சியிருந்தது. பூங்கொத்துகள் மேல் வெண்பொடி தூவியதுபோல் சாம்பல் நோய். மூன்று நாட்களுக்கு முன் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட எங்களுக்கு அப்பெயர் சற்றே உறைத்தது.

உறவினர் எங்களைத் தோப்பின் கோடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதிய சப்பட்டை ஒன்று. மூன்றாண்டுகளாகக் காய்ப்பில்லை, ஒரு கிளை முறிந்து தொங்கியது, உச்சியில் புல்லுருவி. அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி. "மரக்கடைக்காரர் முன்பணம் தந்துவிட்டார், அண்ணாச்சி. திங்கட்கிழமை ஆள் வருகிறது" என்றார்.

லூக்கா நற்செய்தியின் காய்க்காத அத்திமரம் எங்கள் நினைவுக்கு வந்தது. ஆயினும் வாய்திறக்கவில்லை, தோப்பு அவருடையது, கடனும் அவருடையது. பேசியவர் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரே. முறிந்த கிளையை வழவழப்பாக அறுத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ எடுத்துப் பத்து லிட்டர் நீரில் கூட்டிய பசையை அக்காயத்தில் பூசலாம் என்றார். போர்டோ பசை என்பது அதன் பெயர்; பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த போர்டோ கலவையின் கெட்டியான வடிவம். புல்லுருவியை, அது ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டவேண்டும். மேலாகக் கிள்ளினால் மீண்டும் தழைக்கும். தேங்கும் நீருக்கு வாய்க்கால் வேண்டும்.

"கொத்தி எருவிட வேண்டாமா?" என்று கேட்டோம். "இப்போது கொத்தினால் வேர் அறும், ஐயா. எருவை ஆடியில் வைக்கலாம், அதுவும் தண்டருகே அன்று, உச்சிவெயிலில் நிழல் விழும் ஓரத்தில்" என்றார் பெரியவர். பூத்த மரங்களுக்கும் அவசரப்பட்டு நீர் பாய்ச்சலாகாது. பிஞ்சு பட்டாணி அளவு திரண்டபின் பாய்ச்சினால் போதும். முழுப்பூப்பில் மருந்து தெளித்தால், மகரந்தம் சுமக்கும் ஈக்களும் மடிந்துபோகும்.

அவ்வேளை கிளைகள் அசைந்தன. நீண்ட வாலுடன் பெரிய அணில் ஒன்று, முதிய மரத்திலிருந்து பக்கத்துப் புளிக்குத் தாவியது. நரை அணில்! இவ்வினத்தைக் காக்கவே 1988-இல் இம்மலையில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஒன்றையொன்று தொடும் மரமுடிகளே இவற்றுக்குப் பாதை. காப்பகத்துக்கு வெளியே தனியார் தோப்புகளிலும் இவை உலவுகின்றன. இம்மரம் விழுந்தால் புளிக்கும் மற்ற மாமரங்களுக்கும் நடுவே வெறும் வெளிதான் மிஞ்சும்.

உறவினர் நெடுநேரம் அண்ணாந்து நின்றார். வீடு திரும்பியதும் அவர் மனைவி மாவடு ஊறுகாயுடன் சோறு பரிமாறினார். சென்ற ஆண்டு ஊறுகாய். உணவு முடிந்து, அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அவர். "மரக்கடை ஆறு மணி வரை திறந்திருக்கும். வழியில் இறங்கிக்கொள்கிறேன். அடுத்த மாசி வரை பார்ப்போம்" என்று எங்களுடன் வண்டியில் ஏறினார்.