எழினியும் அழிப்பானும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் சொல்வோர் மூவகைத் திரைகளை விளக்காமல் நகர முடியாது. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது; பொருமுக எழினி இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவே பொருந்துவது; கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது. மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. திரை எதனையும் அழிப்பதில்லை. விலக்கியதும் பின்னால் நின்றது நின்றபடியே தெரியும். கணினியில் படங்களை இணைப்போர் ‘லேயர் மாஸ்க்’ என்று சொல்வதைத் தமிழில் விளக்க எங்களுக்கு இந்த எழினியைவிட நல்ல உவமை கிட்டவில்லை.

போட்டோஷாப் மென்பொருளில் அடுக்குகள் என்னும் லேயர்கள் 1994இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றன. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தை அடுக்கி, மேலடுக்குக்கு ஒரு மாஸ்க்கைச் சேர்க்கிறோம். அதில் வெள்ளை தீட்டிய இடத்தில் மேற்படம் தெரியும். கருப்பு தீட்டிய இடத்தில் மேற்படம் மறைந்து கீழ்ப்படம் தோன்றும். சாம்பல் நிறமாயின் இரண்டும் கலந்து தெரியும். கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என இடையே பல படிகள் இருப்பதால், ஒரு படம் மற்றொன்றில் கரைவதுபோல் இணைக்க இயலுகிறது. அழிப்பானைக் கொண்டும் இவ்வாறு செய்யலாமே என்று கேட்பாருண்டு. அழிப்பான் தொட்ட பகுதி, கோப்பைச் சேமித்து மூடியபின் திரும்பாது. மாஸ்க்கில் மறைத்ததோ, பத்தாண்டு கழித்து வெள்ளைத் தூரிகையால் தடவினாலும் மீண்டு வரும்.

படங்களை ஒட்டி ஒன்றாக்கும் ஆசை கணினியோடு பிறந்ததன்று. ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இருட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு ஒரே பெரும்படம் ஆக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், இறக்கும் தறுவாயிலுள்ள ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த உறவினரையும் ஐந்து நெகடிவ்களிலிருந்து இணைத்துக் காட்டினார். இல்லாத காட்சியை உள்ளதுபோல் காட்டலாமா என்னும் வழக்கும் அன்றே எழுந்துவிட்டது. அந்த வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் பெற்றோர் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கோயிலில் எளிமையாக நடந்த திருமணம். படமெடுக்க ஆள் வைக்கவில்லை. தந்தையார் 1986இல் காலமானபோது எங்களுள் மூத்தவருக்கு ஆறு வயது. அவர் 1977இல் ஸ்டூடியோவில் தனியாக எடுத்துக்கொண்ட மார்பளவுப் படம் ஒன்றுதான் எஞ்சியது. அம்மாவின் அந்நாளைய முகமோ, 1979இல் உறவினர் திருமணத்தில் எடுத்த குழுப்படத்தில் மட்டும் இருந்தது. அதில் அம்மாவின் வலப்பக்கம் பெரியம்மா. அம்மாவின் தோள்மீது அவர் கை. எழுபது கடந்த அம்மா ஒருநாள், “அவரோட ஒரு படத்துல நிக்கலையேடா” என்றார். நாங்கள் மூவரும் கணினியின் முன் அமர்ந்தோம்.

தந்தையாரின் படத்தைக் கீழே வைத்துக் குழுப்படத்தை மேலே அடுக்கினோம். அம்மாவைச் சுற்றிக் கருப்பு தீட்டத் தீட்ட, கீழிருந்த ஸ்டூடியோத் திரை மெல்ல வெளிப்பட்டது. சேலையின் விளிம்புக்குக் கூரிய தூரிகையும், நெற்றியோரத்து மயிரிழைகளுக்கு மென்மையான சிறு தூரிகையும் வேண்டியிருந்தன. ஒளி மட்டும் இணங்கவில்லை. இரு முகங்களிலும் வெவ்வேறு பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. ஒரு படத்தை இடவலமாகத் திருப்பினால் ஒளி பொருந்திவிடும். ஆனால் அப்பாவைத் திருப்பினால் சட்டைப்பை வலப்பக்கம் போய்விடும். அம்மாவைத் திருப்பினால் முந்தானை வலத்தோளில் ஏறிவிடும். ஆகவே திருப்பாமல், ஒரு கன்னத்தை மட்டும் சற்றே இருளச் செய்தோம். பெரியம்மாவின் கை இருந்த இடத்தில் தந்தையாரின் வெள்ளைச் சட்டைத் தோள் வந்தமர்ந்தது. ஒட்டு எங்கே என்று எங்களுக்கே தெரியவில்லை.

தம்பி முகம் சுளித்தான். “நடக்காததை நடந்ததாகக் காட்டுவது பொய்தானே?” என்றான். தங்கை, “அம்மாவின் மனத்தில் அது நாள்தோறும் நடப்பதுதானே?” என்றாள். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. தீர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. படத்தை நெடுநேரம் பார்த்தவர், தம் தோளை விரலால் தொட்டுக் காட்டி, “அக்கா கை எங்கடா?” என்றார்.

தந்தையார் போனபின் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று ஆளாக்கியவர் பெரியம்மா. அவரும் இன்று இல்லை. அந்தப் படத்தில் உண்மையாகவே அம்மாவைத் தொட்டுக்கொண்டிருந்தது அவர் கை ஒன்றே. “அவரை இந்தப் பக்கம் நிறுத்துங்க, அக்கா அங்கயே இருக்கட்டும்” என்றார் அம்மா.

வெள்ளைத் தூரிகையை எடுத்தோம். முதலில் விரல்கள், பிறகு வளையல், பிறகு முழங்கை, கடைசியில் பெரியம்மாவின் முகம் என ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தந்தையாரின் அடுக்கை அம்மாவின் இடப்பக்கத்துக்கு நகர்த்தினோம். ஸ்டூடியோத் திரை வெறுமையானது; அதனை வேண்டிய அளவு நீட்டிக்கொண்டோம். அழிப்பானால் செய்திருந்தால் பழைய படத்தை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். இங்கே அரைமணி நேரமே ஆயிற்று.

தம்பியின் கேள்வி மட்டும் தீரவில்லை. அதற்கு விடை தேடியபோது உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தவர், ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பவில்லை, புள்ளிகளாகவே விட்டார். தாம் ஏற்காத பாடங்களையும் பிரதிபேதமாகக் காட்டினார். இது ஏட்டிலுள்ளது, இது இல்லாதது என்று படிப்பவர் அறிய வழிவைத்தார். அவர் விட்ட புள்ளிகளின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது. நாங்கள் இட்டு நிரப்பியவர்கள். ஆயினும் நிரப்பியதை மறைக்காமல் இருக்கலாம் அன்றோ?

ஆகவே சட்டகத்தில் இடுமுன் படத்தின் பின்புறம் எழுதிவைத்தோம்: இரு படங்கள் இணைந்தது; தந்தையார் 1977, மற்ற இருவர் 1979. ஜேபெக் கோப்பில் அடுக்குகள் ஒன்றாகிவிடும் என்பதால், அடுக்குகளோடு கூடிய மூலக்கோப்பையும் மூலப்படங்கள் இரண்டையும் மூவர் வீட்டிலும் சேமித்துள்ளோம். இத்தகைய படம் செய்ய விழையும் நண்பர்களுக்கும் நாங்கள் சொல்வது இவ்வளவே. நமக்குப்பின் வருவோர் யாரைத் தேடுவார்கள் என்று நம்மால் கணிக்க முடியாது. அவர்கள் விலக்கிப் பார்க்கும்படி ஓர் எழினியை விட்டுச்செல்லலாம்.