விளக்கிச் சொன்னவர் கையொப்பம்

1992இல் வாஷிக் கழிமுகத்தின்மேல் இருப்புப்பாதை அமைந்தபின், செம்பூரை விட்டுச் சான்பாடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஆயுள் காப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் பணியில் இருந்தவன் நான் என்று அறிந்ததும், இங்குள்ள இளைஞர்கள் முதலில் கேட்பது சுகுமாரக் குறுப்பைப் பற்றித்தான்.

1984 ஜனவரியில் கேரளத்து மாவேலிக்கரைக்கு அருகே, எரிந்த காரில் ஓர் உடல் கிடந்தது. அபுதாபியில் வேலை பார்த்த குறுப்பே மாண்டார் என ஊரார் எண்ணினர். ஆனால் பிரேதத்தின் மூச்சுக்குழலில் புகைக்கரி இல்லை. தீ மூளுமுன்பே உயிர் போயிருந்தது. காப்பீட்டுத் தொகைக்காகக் கொல்லப்பட்டவர், வீடு திரும்ப வண்டிக்குக் காத்துநின்ற சாக்கோ என்பது பின்னர் வெளியாயிற்று. குறுப்பு பிடிபடவே இல்லை.

நிற்க. என் பணிக்காலத்தில் அத்தகைய கொலைகாரன் எவனையும் நான் கண்டதில்லை. சுடுகாட்டுப் பதிவேடு, மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டில் கண்ட வயது ஆகியவற்றை ஒத்துப் பார்ப்பதிலேயே நாட்கள் கழிந்தன. பாலிசி எடுத்து இரண்டாண்டுக்குள் மரணம் நேர்ந்தால், விண்ணப்பத்தில் கண்ட தவறான விடையைக் காட்டியே தொகையை மறுக்க அன்றைய சட்டம் இடமளித்தது. (மூன்றாண்டு கடந்த பாலிசியை எக்காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க இயலாது என்ற திருத்தம் 2015இல்தான் வந்தது.)

1986இல் அப்படியொரு கோரிக்கைக்காகத் தாராவி சென்றேன். இறந்தவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளி. பாலிசிக்கு வயது பதினான்கு மாதம். காசநோய்க்கு மருந்துண்ட சீட்டுகளை நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவியே தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தார், தேநீரும் தந்தார்.

“எல்லாத்தையும் அந்த ஆளுகிட்டச் சொன்னோமே, அண்ணாச்சி! எம்மவன்தான் இந்தியில எடுத்துச் சொன்னான்.”

மகனுக்கு ஒன்பது வயது. தெருவில் பழகிய இந்தி. காசநோய்க்கு இந்தியில் என்ன பெயரென்று அறியாமல், இருமல் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறான். விண்ணப்பத்திலோ, கடும்பிணி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. இறந்தவர் தமிழில் ஒப்பமிட்டிருந்தார். அவ்வாறு ஒப்பமிட்டால், வினாக்களை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கியதாக ஒருவர் கீழே உறுதிமொழி தரவேண்டும். தந்திருந்தவர் முகவர். அவரையும் சந்தித்துப் பேசினேன். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்.

அறிக்கைப் படிவம் என்னைக் கேட்டது ஒன்றே: விண்ணப்பத்துக்கு முன் நோய் இருந்ததா? ‘ஆம்’ என்றெழுதிச் சீட்டுகளை இணைத்தேன். ‘பிற விவரங்கள்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். கையில் இன்னும் பதினோரு கோப்புகள் இருந்தன என்பது உண்மைதான். அந்தச் சமாதானம் அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

கோரிக்கை மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டு மனு எழுதித் தரலாம் என்று சில மாதங்கள் கழித்து அங்குப் போனேன். வேறு குடும்பம் இருந்தது. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை.

இப்போது சான்பாடாவில் அக்கம்பக்கத்தார் காப்பீட்டு விண்ணப்பங்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு வினாவையும் தமிழில் சொல்லி, விடையைத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். “தாத்தாவிடம் போனால் ஒரு மணி நேரம் ஆகும்” என்று பேரன் கேலி செய்கிறான். அவனுக்கும் ஒன்பது வயது.