கும்மட்டக் கணக்கு

என் இளைய மகன் பன்னிரண்டாண்டுகள் வளைகுடா நாட்டில் இரும்புப் பட்டறை வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஊர் திரும்பினான். வந்த பத்தாம் நாள், கடலைக்கொல்லையாகக் கிடக்கும் எங்கள் பூர்வீக நிலத்தில் வீடு கட்ட வேண்டும் என்றான். மகிழ்ந்தேன். "வீடு வட்டமாக இருக்கும் அத்தா, முக்கோணங்களைப் பூட்டிக் கும்மட்டமாக எழுப்பப் போகிறேன்" என்றான். மகிழ்ச்சி சற்றே தயங்கி நின்றது.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. அரபி ஆசிரியனாக முப்பதாண்டுக்காலம் உழைத்துச் சேர்த்தது எட்டு இலட்சம் ரூபாய். வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் தீர்மானம். ஆகவே கட்டடம் பிழைத்தால் திருத்துவதற்கு வேறு பணம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. என் தகப்பனார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் நூல்கள் இரண்டு பெட்டிகளில் இருக்கின்றன. சில கல்லச்சு, சில கையெழுத்து. வீடு ஒழுகினால் மனிதன் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து படுப்பான். ஏடு நகருமா?

கும்மட்டம் என்ற சொல்லே பாரசீகத்தின் 'கும்பத்' நம் நாவில் உருண்டு வந்த வடிவம். அரபியில் குப்பா. ஸ்பெயின் தேசத்தார் 'அல்குப்பா'வைத் தம் மொழியில் ஏற்று, அது ஆங்கிலம் வரை சென்று, சுவரில் குடைந்த சிறு மாடத்திற்குப் பெயராயிற்று. பெரிய கூரைக்கு வைத்த பெயர் சிறு பொந்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அது! இருக்கட்டும்.

மகன் காட்டிய முறையைப் பரப்பியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1954இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்னரே, 1920களில், ஜெர்மனியின் யேனா நகரில் வால்தர் பவுவர்ஸ்ஃபெல்ட் என்பவர் கோளரங்கத்திற்காக இத்தகைய கூடு ஒன்றை எழுப்பியிருந்தார். எனக்கோ அவ்விருவருக்கும் வெகுமுன்னே பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ நினைவுக்கு வந்தார். 940இல் பிறந்து 998இல் மறைந்த அக்கணித மேதை, கைவினைஞருக்குத் தேவையான வடிவியலைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். கோளத்தின் மேற்பரப்பைச் சம பலகோணங்களாகப் பிரிக்கும் வழியும் அதில் உண்டு. மதரஸாவின் பழைய பாடத்திட்டத்தில் உக்லீதிஸ் இருந்தது. என் காலத்தில் அது போய்விட்டது. எனினும் என் உஸ்தாத் அஸருக்குப் பின் ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேருக்கு அதைத் தனியே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழக்கத்தில்தான் மகனுடைய தாளை வாங்கிப் பார்த்தேன்.

வடிவியலுக்கு அரபியில் ஹந்தஸா என்பர். அது 'அளவு' எனப் பொருள்படும் 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. உருதுவில் அதே சொல்லுக்கு 'உத்தேச மதிப்பீடு' என்று பொருள். வீடு கட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை அடுத்த மூன்று மாதங்களில் கண்டுகொண்டேன்.

அவன் வரைந்தது இவ்வகையில் எளிய அரைக்கோளம். 65 குழாய்கள், 26 முடிச்சுகள், 40 முக்கோணங்கள். குழாய்களில் இரண்டே நீளம்: ஆரத்தை 0.546ஆல் பெருக்கினால் சிறியது, 30 வேண்டும், 0.618ஆல் பெருக்கினால் பெரியது, 35 வேண்டும். இந்த 0.618ஐக் கண்டதும் எனக்குப் பழைய நண்பனைச் சந்தித்தாற்போல் இருந்தது. வட்டத்துள் வரைந்த பத்துக்கோணத்தின் பக்கம் அல்லவா அது! இக்கும்மட்டத்தின் அடிவரிசையும் பத்துக்கோணமே.

ஆரம் 12 அடி என வைத்திருந்தான். சிறிய குழாய் 6.56 அடி, கடையில் விற்கும் 20 அடிக் குழாயில் மூன்று துண்டு விழும் என்று கணக்கு. "முடிச்சில் பூட்டுவதற்கு இரு முனைகளையும் தட்டிச் சப்பையாக்கித் துளையிடுவாயே, துளைக்கு வெளியே ஓரங்குலமாவது வேண்டாமா?" என்று கேட்டேன். சேர்த்துப் பார்த்தால் மூன்று துண்டுக்கு 20 அடி 2 அங்குலம் வருகிறது! இரண்டு அங்குலத்திற்காக ஒவ்வொரு குழாயிலும் மூன்றில் ஒரு பங்கு வீண். ஆரத்தை மூன்றங்குலம் குறைத்தோம். 33 குழாய் 28 ஆயிற்று. குழாய்க்குச் சுமார் 1,750 ரூபாய் வீதம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் மிச்சம். எஃகில் ஊறிய என் மகன் என்னைப் பார்த்த பார்வையை இந்த வயதில் பெறக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எலும்புக்கூடு ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிற்று. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் போலும். கூடு மலிவு, தோல்தான் விலை. சதுரப் பலகையில் முக்கோணம் வெட்டினால் கழிவு மிகுதி. நாலடி அகலப் பலகையில் ஆறடிக்கு மேல் உயரமுள்ள முக்கோணத்தை ஒட்டுப்போடாமல் வெட்ட வழியே இல்லை. தரையைத் தொடும் அடிவரிசையை விட்டுவிட்டு ஏனைய விளிம்புகளை எல்லாம் கூட்டினேன்: 374 அடி. அத்தனையும் மழையை நோக்கி மேலே திறந்திருக்கும் மூட்டு! ஃபுல்லரே 1960இல் இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேலில் மரப்பலகை முக்கோணங்களால் 39 அடி விட்டமுள்ள கும்மட்டம் எழுப்பி, மனைவியோடு அதில் குடியிருந்தார். ஒரே நாளில் பூட்டி நிறுத்திய வீடு, பின்னர் ஒழுகிற்று. கும்மட்டம் கட்டக் கற்பிக்கும் நூல்களை 1970லும் 1971லும் வெளியிட்ட லாயிட் கான், சில ஆண்டுகளில் தம் நூலை மறுபதிப்பிடாமல் நிறுத்தியதோடு, தாம் வாழ்ந்த கும்மட்டத்தையும் கழற்றிவிட்டார். ஒழுகும் மூட்டும் வீணாகும் பலகையும் அவர் சொன்ன காரணங்களில் அடங்கும். தம் நூலைத் தாமே திரும்பப் பெற்ற அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை உண்டாயிற்று.

ஆகவே பலகையைக் கைவிட்டோம். கம்பியும் கோழிவலையும் போர்த்து இருபுறமும் சிமெண்டுக் கலவை பூசி, மூட்டே இல்லாத ஓடாக்குவது என்று மாற்றினான். செலவு ஏறிற்று. முதலில் இரண்டு இலட்சம் என்றவன், அடித்தளம், தரை, முக்கோணச் சன்னல், ஆழ்துளைக் கிணறு, மின்கம்பம், லாரி வர வண்டிப்பாதை என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஆறரை இலட்சத்தில் வந்து நின்றான். அதன்மேல் எதிர்பாராததற்கு ஓர் இலட்சம் என்று நான் எழுதியதை அவன் அடித்தான். மறுபடி எழுதினேன்.

என் மனைவி கணக்குத் தாளைத் தொடவே இல்லை. "என்னங்க, பீரோவை எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மாதம் நாங்கள் பேசியதில் இதற்கு விடை இல்லை. தரை 406 சதுர அடி. சுவரோ நிலத்திலிருந்தே உள்நோக்கிச் சாய்கிறது. ஆறடி மனிதன் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய பரப்பு சுமார் 300தான். எஞ்சியது பூனைக்கும் பாத்திரத்திற்கும். ஆகவே கூட்டை மூன்றடிச் சுவரின்மேல் ஏற்றி வைப்பது என்றாயிற்று. நிற்க இடம் கூடிற்று. பீரோவுக்கு மட்டும் இன்னும் இடம் அமையவில்லை. நடுவில் வைத்து அறையைப் பிரிக்கலாம் என்று மகன் சொன்னதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையே, ஈர்க்கும் நூலும் கொண்டு செய்த மாதிரிக்கூட்டை எடுத்துக்கொண்டு நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போடச் சென்றோம். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வந்தார். மாதிரியையும் வட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பாய், இங்கே எந்தச் சாமி அடங்கியிருக்காரு? இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே!" என்றார். மகன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டவெளியில் ஒரு முஸ்லிம் வீட்டார் எழுப்பும் கும்மட்டம் ஊர்க்கண்ணுக்கு வேறு எதுவாகத் தெரியும்? நாளை வாசலில் யாராவது ஊதுபத்தி கொளுத்தி வைத்தால், கூடாது என்று சொல்வேனா, அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வேன் என்று அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். பச்சை வண்ணம் கிடையாது, உச்சியில் கலசமோ பிறையோ கிடையாது, வாசலில் திண்ணை கட்டாயம் என்று மறுநாள் கணக்குத் தாளில் எழுதிச் சேர்த்தேன். திண்ணையில் சாய்வு நாற்காலியும் காயும் துணியும் தெரிந்தால், அது மனிதர் குடியிருக்கும் இடம் என்று விளங்காதா?

1967இல் மான்ட்ரியால் பொருட்காட்சிக்கு ஃபுல்லர் எழுப்பிய 76 மீட்டர் விட்டமுள்ள கும்மட்டத்தின் தோல், 1976இல் பழுதுபார்க்கும்போது தீப்பற்றி முழுதும் எரிந்தது. எஃகுக்கூடு நின்றது, இன்றும் நிற்கிறது. இதைப் படித்தபின்தான் எங்கள் உடன்பாடு பிறந்தது. கடைக்கால் தோண்டி, மூன்றடிச் சுவரின்மேல் கூட்டை மட்டும் இந்தப் புரட்டாசிக்குள் நிறுத்துவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் அதை வெறுமனே விட்டுப் பார்ப்பது. முடிச்சு தளர்கிறதா, சுவர் இறங்குகிறதா, காற்று அசைக்கிறதா என்று கண்டபின் தை மாதத்தில் பூச்சுக்குப் பணம் எடுப்பது. கூடு பிழைத்தால் அதைக் கழற்றிப் பந்தலாக்கிக்கொள்ளலாம். இழப்பு என் சேமிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

மகனுக்கு முழு மனமில்லை. மழைக்காலத்தைச் சும்மா கழிக்க வேண்டுமே என்கிறான். எனினும் நேற்று 28 குழாய்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான். நூற்பெட்டிகள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "பழைய வீட்டிலேயே இருக்கட்டும் அத்தா, இரண்டு மழை போகட்டும்" என்றான். நான் சொல்ல நினைத்ததை அவனே சொன்னான். அவன் தாயார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "பீரோவும்தான்."